செகண்ட் ஹேண்ட் காரில் எரியும் செக் எஞ்சின் விளக்கு: காரணத்தைக் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் பழைய கார் வாங்குபவர்கள் பெரும்பாலும் கார் கன்சல்டிங் கடை வழியாகவோ, தெரிந்த மெக்கானிக் வழியாகவோ, நேரடியாக ஓனரிடமிருந்தோ வாங்குகிறார்கள். பெயின்ட், டயர், ஆர்சி புத்தகம், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றைத் துருவித் துருவிப் பார்ப்பவர்கள்கூட, மீட்டர் போர்டில் எஞ்சின் வடிவில் எரியும் மஞ்சள் விளக்கைக் காட்டிக் கேட்கும்போது, "அது சென்சார் கம்ப்ளைன்ட்தான் சார், ஓட்ட ஓட்ட தானா போயிடும்" என்ற பதிலோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பதிலைச் சொல்பவருக்கே பல நேரங்களில் உண்மையான காரணம் தெரிந்திருக்காது. அதே விளக்குக்குப் பின்னால் வெடித்துப்போன ஒரு சிறிய ரப்பர் ஹோஸ் இருக்கலாம்; புகையைச் சுத்திகரிக்கும், பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் இருக்கலாம். எது என்பதை அறிய, முதலில் படிக்க வேண்டும், பிறகு அளக்க வேண்டும், அதற்குப் பிறகே உதிரிபாகம் வாங்க வேண்டும். இந்த வரிசை மாறும்போதுதான் பணம் வீணாகிறது.

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு, தன்னிடம் வரும் ஒவ்வொரு சென்சாரின் அளவையும் எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அளவு விலகி, அந்த விலகல் மீண்டும் நிகழ்ந்தால், ஒரு எரர் கோடைப் பதிந்து விளக்கை எரியவிடுகிறது. பெரும்பாலான கோளாறுகளில் முதல் முறை தெரியும் விலகல் 'பெண்டிங்' கோடாக மட்டுமே பதியும். அடுத்த ஓட்டத்திலும் அதே விலகல் தெரிந்தால்தான் அது உறுதியாகி விளக்கு எரியும். நம் நாட்டில் பிஎஸ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓபிடி 2 என்னும் இந்தக் கண்காணிப்பு முறை கட்டாயமானது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 விதிகள் அதை மேலும் இறுக்கின. 2013க்கு முந்தைய கார்களில், எரர் கோடைப் படிக்கும் கருவியான ஸ்கேனரை மாட்டும் சாக்கெட் இருந்தாலும், சிலவற்றில் பொதுவான ஸ்கேனருக்குப் பதில் கிடைக்காது. அவற்றுக்கு அந்தந்த கம்பெனியின் ஸ்கேனர் தேவைப்படும்.

முதல் படி: சாவியைத் திருப்பி விளக்கைப் பாருங்கள்

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பும்போது செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்த பிறகு அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் விளக்கு எரியவே இல்லை என்றால், அந்தக் காரில் கோளாறு இல்லை என்று பொருளாகாது; பல்பு போயிருக்கலாம், கழற்றப்பட்டிருக்கலாம், மீட்டர் போர்டுக்குள் டேப் ஒட்டி மறைக்கப்பட்டிருக்கலாம். ஸ்கேனரை மாட்டினால் இது வெளிப்பட்டுவிடும். விளக்கை எரியச் சொல்லி இசியு கட்டளை கொடுத்திருக்கிறதா என்பதை ஸ்கேனர் தனியாகக் காட்டும். கட்டளை 'ஆன்' என்றும் மீட்டர் போர்டு இருட்டாகவும் இருந்தால், அந்தக் காரை வாங்குவதைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

விளக்கு தொடர்ந்து எரிந்தால், வண்டி இயல்பாக ஓடும் வரை மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப் வரை செல்லலாம். விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டினால் நிலைமை வேறு. எஞ்சினில் கடுமையான மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) இருக்கிறது, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் சென்று கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டெரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆக்சிலேட்டரை விட்டு, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிடுங்கள். சிவப்பு நிற ஆயில் விளக்கோ, வெப்ப விளக்கோ கூடவே எரிந்தாலும் அப்படியே.

இரண்டாம் படி: ஸ்கேனரை மாட்டுங்கள், எதையும் அழிக்காதீர்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் பக்கம், 16 பின்கள் கொண்ட சாக்கெட் இருக்கும். சில கார்களில் ஃபியூஸ் பெட்டி மூடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். ப்ளூடூத் மூலம் கைபேசியோடு இணையும் சிறிய ஓபிடி அடாப்டரே வீட்டு உபயோகத்துக்குப் போதுமானது. மிக மலிவானவை சில கார்களோடு சரியாகப் பேசுவதில்லை என்பதால், வாங்கியவுடன் நல்ல நிலையில் உள்ள ஒரு காரில் மாட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

சாக்கெட்டில் எதுவும் உயிர்பெறவில்லை என்றால் அதன் 16ஆம் பின்னுக்கும் 4ஆம் பின்னுக்கும் இடையே பேட்டரி வோல்டேஜ் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். பல கார்களில் இந்த சாக்கெட்டும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் ஒரே ஃபியூஸில் ஓடுகின்றன. சார்ஜர் மாட்டி அந்த ஃபியூஸ் போயிருப்பது வழக்கமான காரணம்.

இணைந்தவுடன் 'கிளியர்' பொத்தானைத் தொடாமல், உறுதியான கோடுகள், பெண்டிங் கோடுகள், ஃப்ரீஸ் ஃப்ரேம் (கோளாறு பதிந்த நேரத்து எஞ்சின் நிலை) விவரங்கள் அனைத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பல ஒர்க்‌ஷாப்களில் வண்டி வந்தவுடன் முதலில் செய்யும் வேலையே அழிப்பதுதான். அழித்த மறுநொடியே, கோளாறு எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எந்த பாரத்தில் நிகழ்ந்தது என்ற பதிவும் சேர்ந்து போய்விடுகிறது. அந்தப் பதிவைத் திரும்பப் பெற, கோளாறு மறுபடி வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாம் படி: விளக்கு அண்மையில் அழிக்கப்பட்டதா?

வாங்குவதற்கு முன் பார்ப்பவருக்கு இந்தப் படிதான் மிக முக்கியமானது. விளக்கு எரியாத பழைய கார், கோளாறு இல்லாத காராகவும் இருக்கலாம். காலையில் ஸ்கேனரால் அழிக்கப்பட்டு மாலையில் உங்களுக்குக் காட்டப்படும் காராகவும் இருக்கலாம். ஸ்கேனரில் 'ரெடினஸ் மானிட்டர்' என்ற பகுதியைத் திறங்கள். கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார், புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர் போன்றவற்றை இசியு தானே சோதித்து முடித்துவிட்டதா என்பதை இது காட்டும். கோடுகளை அழிக்கும்போது இந்தச் சோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். மீண்டும் முடிய, நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் கலந்து சில நாட்கள் ஓட்ட வேண்டியிருக்கும். தினமும் ஓடுகிறது என்று சொல்லப்படும் காரில் பெரும்பாலான சோதனைகள் முடியாமல் இருந்தால், அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள்.

இதைவிட நேரடியான சான்றும் உண்டு. 'கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்', 'அழித்த பிறகு எஞ்சின் சூடேறிய தடவைகள்' என்ற இரண்டு அளவுகளைப் பெரும்பாலான ஓபிடி 2 கார்கள் வைத்திருக்கின்றன. தூரம் 12 கிலோமீட்டர் என்று காட்டினால், விற்பவரிடம் அமைதியாகக் கேளுங்கள். பல கார்களில் பேட்டரியைக் கழற்றினாலும் இவை சுழியத்துக்கு வந்துவிடும் என்பதால், புது பேட்டரி மாற்றினோம் என்ற பதில் உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் பேட்டரியின் தேதியும் பில்லும் அதற்குச் சாட்சி சொல்லும். சாட்சி இல்லாவிட்டால், ஒரு வாரம் ஓடிய பிறகு மறுபடி பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டு வருவதே நல்லது.

நான்காம் படி: எரர் கோடைப் படித்தல்

கோடின் முதல் எழுத்து பகுதியைக் குறிக்கும்: 'பி' (P) என்பது எஞ்சின் மற்றும் கியர், அதே ஒலிப்பில் தமிழில் எழுதப்படும் மற்றொரு ஆங்கில எழுத்தான 'பி' (B) பாடி, 'சி' சேஸி, 'யு' கணினிகளுக்கு இடையிலான தொடர்பு. செக் எஞ்சின் விளக்குக்குக் காரணம் பெரும்பாலும் எஞ்சின் வகைதான். அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவான கோடு. 1 என்றால் அந்தக் கம்பெனிக்கு மட்டும் உரியது, அதன் பொருளை வேறு கம்பெனிப் பட்டியலில் தேடக் கூடாது. மூன்றாவது இடத்தில் 1 அல்லது 2 இருந்தால் காற்று, எரிபொருள் அளவு. 3 இருந்தால் இக்னிஷன், மிஸ்ஸிங். 4 இருந்தால் புகைக் கட்டுப்பாடு. 7 இருந்தால் கியர் பெட்டி.

கோடில் ஒரு சென்சாரின் பெயர் இருப்பதால் அந்தச் சென்சாரே கெட்டுவிட்டது என்று முடிவு செய்வது, இந்த வேலையில் மிக அதிகமாகப் பணத்தைக் கரைக்கும் தவறு. பி0171 என்ற கோடில் ஆக்சிஜன் சென்சார் 'கலவையில் பெட்ரோல் குறைவு' என்று சொல்கிறது. பெரும்பாலும் அந்தச் சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்துதான் அப்படிச் சொல்கிறது. அதை மாற்றினால் புதியதும் அதையே சொல்லும்.

பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கினால் விளக்கு அணைந்துவிடும் என்ற அறிவுரையை அமெரிக்கக் காணொளிகளில் அடிக்கடி கேட்கலாம். ஐரோப்பிய நெறிகளைத் தழுவிய நம் நாட்டுக் கார்களில் பெரும்பாலானவற்றில் டேங்க் ஆவிக் கசிவைச் சோதிக்கும் ஏற்பாடே கிடையாது. எனவே அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஐந்தாம் படி: பானெட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள்

எஞ்சின் அணைந்து ஆறிய நிலையில் முதலில் பேட்டரி. எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் அருகிலும், ஓடும்போது ஏறத்தாழ 13.5 முதல் 14.7 வோல்ட் வரையிலும் இருக்க வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு கோடுகள் ஒரே நேரத்தில் வந்திருந்தால், பேட்டரியையும் எர்த் வயரின் முனையையும் சரிசெய்யும் வரை வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம்.

அடுத்து எலி. நெல் வயலும் வேர்க்கடலைக் காடும் சூழ்ந்த அணைக்கட்டு, குடியாத்தம், ஆரணி பக்கத்து ஊர்களில், தோட்டத்து வீட்டில் நிறுத்திய காரில் வயரை எலி கடிப்பது அன்றாடச் செய்தி. எஞ்சின் மேல் வேர்க்கடலைத் தோலோ, துணிக் கிழிசலோ, எச்சமோ தெரிந்தால், அதைச் சுற்றியுள்ள வயரிங் முழுவதையும் டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். பாதி கடிபட்ட வயர், வண்டி குலுங்கும்போது மட்டும் விட்டுவிட்டுத் தொடர்பை இழக்கும். வரும் போகும் கோடுகளுக்கு இது பெரிய காரணம்.

வயர்களை இணைக்கும் கப்ளர்களைக் கழற்றி உள்ளே பச்சை நிறக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களிலும், பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோதும் நீரில் நின்ற கார்கள் கைமாறிக் கைமாறி நம் பக்கம் வந்திருக்கலாம். சீட்டுக்கு அடியில் உள்ள வயர் முனைகளிலும், சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளிலும் துரு இருந்தால், இன்று ஒரு கோடைச் சரிசெய்தாலும் நாளை வேறொன்று வரும். அத்தகைய காரைத் தவிர்ப்பதே என் ஆலோசனை.

ஆறாம் படி: 'லீன்' கோடை அளந்து பிரித்தல்

கலவையில் பெட்ரோல் குறைவு என்பதையே 'லீன்' என்கிறோம். அதைச் சொல்லும் பி0171 கோடை எடுத்துக்கொள்வோம். இதன் வழியாகக் கற்கும் முறை மற்றவற்றுக்கும் உதவும். ஸ்கேனரின் நேரலைப் பகுதியில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என இரண்டு ஃபியூவல் ட்ரிம் அளவுகள் தெரியும். கணக்கிட்ட அளவைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக அல்லது குறைவாக இசியு பெட்ரோலை ஊற்றுகிறது என்பதே அது. இரண்டின் கூட்டுத்தொகை 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக இயல்பு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் நாடெங்கும் பரவலாகிவிட்டதால், அதற்கு முன் வடிவமைக்கப்பட்ட கார்களில் சில சதவீதம் கூடுதலாகத் தெரிவது எதிர்பார்க்கத்தக்கதே.

காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காரில், எஞ்சினை நன்கு சூடாக்கி, ஐடிலிங்கில் கூட்டுத்தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2,500 ஆர்பிஎம்மில் நிலையாகப் பிடித்து மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். ஐடிலிங்கில் +22 ஆக இருந்தது 2,500இல் +5 ஆக இறங்கினால், அளக்கப்படாத காற்று எங்கோ உள்ளே புகுகிறது. ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்று குறைவு என்பதால் சிறு ஓட்டையின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. வேகம் கூடும்போது அந்தப் பங்கு சுருங்குகிறது. இதற்கு மாறாக, ஐடிலிங்கில் +4 ஆக இருந்து, மேட்டில் ஏறும்போதோ வேகமெடுக்கும்போதோ +20 ஆக உயர்ந்தால், பெட்ரோல் போதவில்லை: பம்ப், ஃபில்டர் அடைப்பு, அல்லது அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார். இந்த இரண்டே எண்கள், பெட்ரோல் பம்ப் வாங்குவதா ஹோஸ் வாங்குவதா என்பதைத் தீர்மானித்துவிடும்.

நம் சிறிய கார்கள் பலவற்றில், இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டுமே உண்டு. அவற்றில் காற்றுக் கசிவு ட்ரிம்மில் அவ்வளவாகத் தெரியாது. ஐடிலிங் வேகம் தானாக ஏறி நிற்பதே அடையாளம்.

கசிவைத் தேடும்போது ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் பாடிக்குச் செல்லும் வளைவுக் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து ரப்பரை இறுகவைக்கின்றன. மேலிருந்து முழுதாகத் தெரியும் குழாய், விரித்தால் அடிமடிப்பில் பிளந்திருக்கும். பிரேக் பூஸ்டர் ஹோஸ், எஞ்சினின் கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்ட் பேக்கிங் ஆகியவை அடுத்து. ஐடிலிங்கில் ஓடும்போது சந்தேகமான இணைப்பில் தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளித்தால், கசிவு உள்ள இடத்தில் எஞ்சின் ஒலி மாறும். கார்புரேட்டர் க்ளீனரை இதற்குப் பலர் பயன்படுத்துகிறார்கள். சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏழாம் படி: மிஸ்ஸிங் கோடுகள்

பி0301 முதல் பி0304 வரையிலான கோடுகளில் கடைசி இலக்கம் சிலிண்டர் எண். ஒவ்வொரு பிளக்குக்கும் மின்பொறிக்கான மின்சாரம் தரும் தனித்தனி காயில் உள்ள காரில் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு: பி0302 என்றால், இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தி, கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை அதேபோல் இடம் மாற்றுங்கள், பிறகு இன்ஜெக்டர். மூன்றும் தப்பினால் கம்ப்ரஷன் சோதனை. வாங்கும் முன் கம்ப்ரஷன் வரை போக வேண்டி வந்தால், விலையில் கணிசமாகக் குறைக்காமல் பேச வேண்டாம்.

காயிலைக் கழற்றும்போது பிளக் குழியைப் பாருங்கள். தண்ணீர் நின்றால், வாட்டர் சர்வீஸில் எஞ்சின் மேல் பீய்ச்சியிருக்கிறார்கள், உலர்த்தினாலே போதும். ஆயில் நின்றால் டேப்பட் கவர் பேக்கிங் போயிருக்கிறது.

எட்டாம் படி: பி0420ம் தெர்மோஸ்டாட்டும்

பி0420 என்பது கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்ற கோடு. மிஸ்ஸிங் அல்லது லீன் கோடு கூடவே இருந்தால் அதை முதலில் தீர்க்க வேண்டும். சைலன்சர் பைப்பில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்பக்க ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ் நிலையாக 0.6 முதல் 0.7 வோல்ட் அருகில் நின்றால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. முன்பக்கச் சென்சாரைப் போலவே 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கினால் அது உண்மையிலேயே போய்விட்டது. உள்ளே உள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்காகக் கன்வெர்ட்டரின் உள்ளீட்டை எடுத்துவிட்டு வெறும் கூட்டைப் பற்றவைத்த கார்களும் சந்தையில் உண்டு. அடிப்புறம் புதிய வெல்டிங் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள்.

"இந்த ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வால்வு வேண்டாம்" என்று, எஞ்சின் சூடேறும் வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் அந்த வால்வைக் கழற்றிவிடும் பழக்கம் இன்றும் தொடர்கிறது. கார்புரேட்டர் காலத்தில் அது பெரிய கேடு செய்யாமல் இருந்திருக்கலாம். இன்றைய இசியு, கூலன்ட் சூடேறாவிட்டால் எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று எண்ணிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும்; மைலேஜ் குறையும், பி0128 கோடு வரும். சத்துவாச்சாரியிலிருந்து பள்ளிகொண்டா நோக்கி தேசிய நெடுஞ்சாலை 48இல் 80 கிலோமீட்டர் வேகத்தில் நிலையாக ஓட்டி, ஸ்கேனரில் கூலன்ட் அளவைக் கவனியுங்கள். 85 முதல் 95 டிகிரிக்கு அருகில் நிற்காமல் 70க்கும் கீழே இறங்கினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. திரும்பும்போது ஐடா ஸ்கடர் சாலை நெரிசலில் ஏசி போட்டு நின்று பாருங்கள்; 105 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஃபேன், ரிலே, ரேடியேட்டர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

டீசல் கார்களுக்குச் சில சொற்கள்

பி0401 வந்தால் இஜிஆர் வால்வில் கரி; பி0087 வந்தால் முதலில் டீசல் ஃபில்டர்; பி0299 வந்தால் டர்போவைக் குற்றம் சாட்டுவதற்கு முன் இன்டர்கூலர் ஹோஸின் கிளாம்ப். பிஎஸ் 6 டீசலில் பி2463 என்பது டிபிஎஃப் எனப்படும் புகைக்கரி வடிகட்டியில் கரி சேர்ந்திருப்பதைக் குறிக்கும். நகருக்குள்ளேயே குறுகிய தூரம் ஓடும் காரில் இது இயல்பாக வரும். அளவு கைமீறாத நிலையில் நெடுஞ்சாலையில் நிலையான வேகத்தில் இருபது, முப்பது நிமிடம் ஓட்டினால் தானே எரிந்து தீரும். இஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிடலாம், டிபிஎஃப்பை எடுத்துவிடலாம் என்ற யோசனைகளை ஏற்க வேண்டாம். அது சட்டத்துக்கு மாறானது, மற்றவர்கள் சுவாசிக்கும் காற்றுக்கும் கேடு.

ஒன்பதாம் படி: சரியாகிவிட்டதா என்று உறுதி செய்தல்

காரணத்தைச் சரிசெய்த பிறகே கோடை அழிக்க வேண்டும். அழிக்காமல் விட்டாலும், கோளாறு நீங்கியிருந்தால் பெரும்பாலான கார்களில் தொடர்ந்து மூன்று நல்ல ஓட்டங்களுக்குப் பிறகு விளக்கு தானே அணையும். கோடு நினைவகத்தில் ஏறத்தாழ 40 முறை எஞ்சின் சூடேறி ஆறும் வரை தங்கியிருக்கும். அழித்த பின், இரவு முழுவதும் ஆறிய எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, நகருக்குள் ஓட்டி, நெடுஞ்சாலையில் ஆம்பூர் வரை நிலையான வேகத்தில் சென்று, இடையில் சிலமுறை பிரேக் தொடாமல் ஆக்சிலேட்டரை விட்டு வேகத்தைக் குறையவிடுங்கள். ஃப்ரீஸ் ஃப்ரேமில் எந்த வேகமும் பாரமும் பதிவாகியிருந்தனவோ, அதே நிலையில் சிறிது நேரம் ஓட்டுவது அவசியம். மேட்டில் மட்டும் வரும் கோளாறாக இருந்தால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் நல்ல சோதனைக்களம்.

ரெடினஸ் மானிட்டர்கள் முடிந்து, பெண்டிங் கோடு எதுவும் இல்லாமல், ஃபியூவல் ட்ரிம் 10 சதவீதத்துக்குள் வந்த பிறகே வேலை முடிந்தது என்று மெக்கானிக்கிடம் கணக்கை முடியுங்கள். கழற்றிய பழைய உதிரிபாகத்தைக் கேட்டு வாங்கி டிக்கியில் வைத்திருங்கள். அதே கோடு திரும்பி வந்தால், அதை மறுபடி பொருத்தி ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படும்.